வானகரத்திலிருந்து ஓடி வருவதாக வேண்டிக்கொண்டேன்

என் மனைவி சரஸ்வதியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தியபோது நான் சுவரில் சாய்ந்து நின்றேன். நாற்காலி இருந்தது. ஆனால் அப்போது என் எடை நூற்றுப் பதினாறு கிலோ. கைப்பிடி வைத்த நாற்காலிகளுக்கும் எனக்கும் நெடுநாள் பகை. மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில் நடந்தது இது. நுரையீரலில் வந்த தொற்று ரத்தத்திலும் கலந்துவிட்டது என்றார்கள். இரண்டு நாள் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் மருத்துவர்.

தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், யார் தலையசைத்தால் எது நகரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று போவதற்கு ஒரு மேஜையும் இல்லை. திருவேற்காடு இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினேன். “கருமாரித் தாயே, அவளைத் திருப்பிக் கொடு. வானகரத்து வீட்டு வாசலிலிருந்து உன் சன்னதி வரை ஓடி வருகிறேன்.”

பால்குடம் என்று சொல்லியிருக்கலாம். கூழ் ஊற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மாடிப்படி ஏறினாலே இளைக்கிறவன் வாயில் ஓட்டம் ஏன் வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. சொல்ல வைத்தவளுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாம் நாள் சரஸ்வதி கண் விழித்தாள். கார்த்திகை தீபத்துக்கு வீட்டில் இருந்தாள். வேண்டுதலைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பரிகாரம் சொன்னார்கள். மைத்துனர், தன் மகனை எனக்குப் பதிலாக ஓட அனுப்புவதாகச் சொன்னார். பதிலாள் முறை எனக்குத் தெரியாததா? ஆனால் இது அவன் பெண்டாட்டிக்காகச் செய்த வேண்டுதல் இல்லையே. சரஸ்வதிதான் வழி காட்டினாள். கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் என்று விற்பார்கள். எந்த உறுப்புக்குக் குறையோ அதை வாங்கி உண்டியலில் சேர்ப்பது வழக்கம். இரண்டு கால்கள் வாங்கிப் போட்டேன். கணக்கு முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

மனசு ஒப்பவில்லை. யோசித்துப் பார்த்தால், வெள்ளிக் கால் போடுவது வேண்டுதலை ரத்து செய்வதற்கு அல்ல. கால் வேண்டும் என்று கேட்பதற்கு. முறை தெரிந்தவன் என்று பெயர் எடுத்த நான் ஓடாமல் தப்பிக்கப் போய், ஓடுவதற்குக் கால் கேட்டு வந்திருக்கிறேன். கேட்டாகிவிட்டது. இனி என் தரப்பு வேலையைச் செய்யத்தான் வேண்டும்.

மறுநாளே ஓடிப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பின் கேட் வரைதான். முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தேன். முதலில் எடையைக் குறையுங்கள், இல்லையென்றால் மூட்டு போய்விடும் என்றார் மருத்துவர். சோற்றைப் பாதியாக்கினேன். சாயங்கால பஜ்ஜியை நிறுத்தினேன். தினமும் நடந்தேன். ஒன்றரை வருஷத்தில் முப்பத்தெட்டு கிலோ போனது. பழைய சட்டையைப் போட்டால் உள்ளே இன்னொருவர் குடிவரலாம்.

மருத்துவர் சம்மதித்த பிறகு ஓட ஆரம்பித்தேன். அறுபத்து மூன்று வயதில் தெருவில் ஓடுகிறவனை ஊர் சும்மா விடாது. நாய்கள் துரத்தின. காவலாளி யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினார். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஏழுமலை பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார். “இன்னா சார், பஸ்ஸ உட்டுட்டியா? ஏறு.”

சென்ற தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வேண்டுதலை நிறைவேற்றக் கிளம்பினேன். பின்னால் ஏழுமலையின் வண்டியில் சரஸ்வதி. கூவம் பாலத்தைத் தாண்டியதும் என் கால்கள் நின்றுவிட்டன. வலி இல்லை. பயம். மூச்சு இழுத்தது. இங்கேயே நின்றுவிட்டால் வாங்கின உயிருக்கு என்ன பதில் சொல்வேன் என்று தோன்றியது.

ஏழுமலை வண்டியை ஒட்டி நிறுத்தினார். “மூஞ்சி வெளுத்துகீது சார். ஏறிக் குந்து. கோயில் முனையில எறங்கி ஓடு. ஆத்தா இன்னா கேமராவா வெச்சிகீறா?”

ஒப்புக்கொள்கிறேன், கம்பியைப் பிடித்துவிட்டேன். அதற்குள் சரஸ்வதி இறங்கிவிட்டாள்.

“ஏறாதீங்க” என்றாள். “கொஞ்ச நேரம் நின்னு மூச்சு வாங்குங்க. அந்த ரெண்டு நாள் நானும் இப்படித்தான் ஒவ்வொரு மூச்சா இழுத்தேன். மெதுவா ஓடுங்க. நான் பின்னாலயே நடந்து வரேன்.”

நுரையீரல் கெட்டுப்போய்ப் பிழைத்தவள், செருப்பைக் கழற்றி ஆட்டோவில் வைத்துவிட்டு எனக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள். மூச்சு அடங்கியது. நான் ஓடினேன். அதை ஓட்டம் என்று சொன்னால் ஓடத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சன்னதியில் கற்பூர ஒளியில் தாயின் முகம் தெரிந்தபோது அழுதேன். பின்னாலேயே வந்த சரஸ்வதி குங்குமம் வாங்கி என் நெற்றியில் வைத்தாள்.

வேண்டுதல் தீர்ந்தது, நான் நிறுத்தவில்லை. மறுவாரம் ஏழுமலை வாசலில் வந்து நின்றார். தனக்குச் சர்க்கரை இருப்பதாகவும், வயிறு ஸ்டியரிங்கை இடிப்பதாகவும் சொன்னார். “நம்பளால ஆவுமா சார்?” என்றார். இப்போது அவர் என்னைவிட வேகமாக ஓடுகிறார், திரும்பிப் பார்த்துக் கிண்டலும் செய்கிறார். ஞாயிறு காலையில் எங்கள் குடியிருப்பிலிருந்து இன்னும் சிலர் வருகிறார்கள். கணினி முன்னால் உட்கார்ந்தே முதுகு போனவர்கள். மருத்துவரைக் கேட்காமல் வருகிறவர்களை மட்டும் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மற்றவர்கள் நடக்கலாம், நிற்கலாம், திட்டலாம். வந்தால் போதும்.

நான் கேட்டது சரஸ்வதியின் உயிரை மட்டும்தான். என் உயிரையும் தாய் சேர்த்தே கொடுத்திருக்கிறாள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது ஒரு மூடிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தால், அந்தத் தாயிடம் கேளுங்கள். கேட்கும்போது உங்களால் முடியாத ஒன்றைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். முடிந்ததைச் செய்ய நாமே போதும்.