ஜிலேபிக் கெண்டையின் எடை

பிள்ளை பெற்று நாலாம் மாதமே நான் மீன்களிடம் திரும்பிவிட்டேன். மணலிப் பக்கத்து ஏரியில் பிடிபடும் ஜிலேபிக் கெண்டைகளை அளந்து, எடை போட்டு, நீளத்துக்கும் எடைக்கும் உள்ள உறவைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. ராயபுரத்தில் கடல் மீன் விற்கும் அம்மாவுக்கு இது பெரிய மானக்கேடு. "இம்மாம் பெரிய கடலு பக்கத்துலயே கீது. இவ ஏரி மீன அளந்துகினு கீறா. சேத்து நாத்தம்டி அது," என்பாள்.

மீன் நீளத்தில் இரண்டு மடங்கானால் எடையில் ஏறக்குறைய எட்டு மடங்காக வேண்டும். நீளம் மட்டுமா வளர்கிறது, அகலமும் தடிமனும் சேர்ந்துதானே. அந்தக் கணக்குக்குக் கீழே விழுவது இளைத்த மீன். தூக்கம் கெட்ட கண்ணோடு ஆய்வுக்கூடத்தில் தராசின் முன் உட்கார்ந்திருப்பேன். தொட்டித் தண்ணீரில் பட்ட மதிய வெயில் கூரையில் நெளியும். கன்டெய்னர் லாரிகளின் உறுமல் எங்கோ அலையடிப்பதுபோலக் கேட்கும். கையில் இருப்பது மீனா, மகளா என்று ஒரு கணம் மயங்கிப்போவேன். அவளும் நீண்டுகொண்டே போனாள். எடை ஏறுகிறதா என்பதுதான் தெரியவில்லை.

பால் போதவில்லையோ என்ற பயம் என்னை அரித்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்கோ என் குஞ்சு மெலிந்த குஞ்சாகவே தெரிந்தது. தடுப்பூசி போடுமிடத்தில் நர்சு எடை பார்த்தால் சரி, வீட்டு ஆட்கள் பார்த்தால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அடுத்த ஊசிக்கோ மாதக்கணக்கில் இருந்தது. பால் ஊறட்டும் என்று அம்மா பால்சுறா புட்டு கிண்டிக் கொண்டுவருவாள். குழந்தை சிணுங்கியதும் நான் பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன்.

ஒரு நாள் பெட்டை மீன் ஒன்று கணக்குக்கு வெகு கீழே விழுந்தது. தலை பெரிது, வயிறு ஒட்டியிருந்தது. நோயோ என்று வாயைத் திறந்தேன். மஞ்சள் முட்டைகள் என் உள்ளங்கையில் உருண்டன. குஞ்சு பொரித்து நீந்தும்வரை தாய் முட்டைகளை வாயிலேயே சுமக்கும், இரை எடுக்காது என்று படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். இத்தனை பட்டினியிலும் முட்டைகள் திரட்சியாக இருக்கின்றனவே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுகை வந்தது.

அன்று மாலை அம்மாவிடம் பேரம் பேசினேன். "மருந்துக்கடை மிஷின்ல புள்ளயோட ஒருக்கா ஏர்றேன். அப்பால நான் மட்டும் ஏர்றேன். கழிச்சிப் பாத்துக்கலாம். புள்ளய எடை போட்டதா ஆவாது."

"பொல்லாதவடி நீ," என்றாள் அம்மா. ஆனாலும் கூட வந்தாள்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மகளை அணைத்துக்கொண்டு ஏறினேன். பிறகு அவளை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறினேன். மனதுக்குள் கழித்தேன். நீளத்துக்கு ஏற்ற எடை, ஒரு குறையும் இல்லை. அங்கேயே நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன்.

"புள்ள நல்லா கீதும்மா!"

அம்மா சிரிக்கவில்லை. என் காலடியில் எரிந்த சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கட்டைவிரல் நடுவிரலைத் தாண்டிப் போயிற்று.

"அது நல்லாத்தான்டி கீது," என்றாள். "எம் புள்ளதான் பாதியாப் பூட்டா."