ஷீபா அக்கா அவிழ்த்த ஒரு சொல்

போன ஞாயிறு மாலை நம் சபைக் கோயிலில் துக்க மணி அடித்தது. "ஏட்டி, இது யாருக்கு?" என்று அம்மா வெளியே ஓடினாள். திரும்பி வந்து, "நம்ம ஷீபாவாம். காய்ச்சல் தலைக்கேறிட்டாம்" என்றாள்.

அடுத்த வீட்டு ஷீபா அக்கா. சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். சபையாரே, உங்களில் பலருக்கு அவளைப் பாடகர் குழுவில் தெரியும். எனக்குத் தெரிந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அப்பா பார்த்தால் கிழித்துவிடுவார்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெரு வளைவில் கல் ஏற்றிய டிப்பர் லாரி பால்காரர் ஒருவரை இடித்தது. அவர் அங்கேயே இறந்தார். பார்த்தது நான் ஒருத்திதான். அவரே குறுக்கே பாய்ந்தார் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். விசாரிக்க வந்த ஏட்டையா, "சாட்சி சொல்லுவியா பிள்ளே?" என்று கேட்டார். சபையில் சொல்லும் சாட்சிதான் எனக்குத் தெரியும். கைகட்டி எழுந்து நின்று, "கர்த்தர் எனக்குச் செய்த நன்மைகளுக்காக ஸ்தோத்திரம்" என்று தொடங்கிவிட்டேன். ஏட்டையா அவசரமாகத் தொப்பியைக் கழற்றினார். மதிலுக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது.

பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஏட்டி, நீ சொன்னதும் தப்பில்ல." கிரேக்கர்கள் சாட்சியை 'மார்த்துஸ்' என்றார்களாம். கண்டதை மறுக்காமல் உயிரை விட்டவர்களுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. நாம் இரத்தசாட்சி என்பது அவர்களைத்தான்.

"அப்போ சாட்சி சொன்னா செத்துருவமாக்கா?"

"இப்பவே சாவாத மக்கா. லத்தீனுக்கு வா."

லத்தீனில் 'தெஸ்திஸ்'. இருவர் வழக்கில் மூன்றாவதாக நிற்பவர் என்பது அதன் வேராம். ஜெர்மன்காரரின் 'ட்சொய்கெ', இழுத்து வரப்பட்டவர். ஆங்கில 'விட்னஸ்' அறிவைக் குறித்த பழைய சொல்லில் பிறந்தது. வடமொழியிலிருந்து வந்த நம் சாட்சிக்குள்ளோ 'அக்ஷி', அதாவது கண், இருக்கிறது. வாயைப் பிளந்து நின்றேன். ஒரே சொல்லுக்குள் ஒருவர் சாகிறார், ஒருவர் நிற்கிறார், ஒருவரை இழுத்து வருகிறார்கள். இத்தனை பேரையும் அவள் கையில் மாங்காய்க் கீற்றோடு, மதிலில் சாய்ந்தபடி அழைத்து வந்தாள்.

அந்த டிப்பரின் முதலாளியிடம்தான் அப்பாவும் வண்டி ஓட்டுகிறார். "நீ ஒண்ணும் பாக்கல்ல, கேட்டியா?" என்றார். சொல்லிவிட்டு வாசல் கதவைத் தாழிட்டார். அக்காவிடம் போய் அழுதேன்.

"அப்பாவ வெறுக்காத. அவருக்கும் பயம்தான். நீ நடுங்கிட்டே சொன்னாலும் உள்ளது உள்ளதுதான்டி. நான் கூட வாறேன்."

புதன்கிழமை நாகர்கோவில் கோர்ட்டில் என்னைக் கூப்பிடுவார்கள். கூட வர அவள் இல்லை. பார்க்கவில்லை என்று சொல்ல அப்பா என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறார்.

நடுங்கிக்கொண்டே சொல்லலாம் என்று ஒருத்தி எனக்குச் சொன்னாள். அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது ஒன்றுதான். அதனால் அவளை அறிந்த உங்களிடம் முதலில் சொல்கிறேன்: பால்காரர் தன் ஓரத்தில்தான் போனார். டிப்பர்தான் வலப்பக்கம் ஏறி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. நான் பார்த்தேன்.