பிலிமோனியின் வெள்ளைச் சட்டை

என் மாமன் மகள் வாசிதிக்குக் கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடக் கேன்டீனில் மதியம் வரை சமையல். பிறகு வீட்டுக் கூடத்தில் அச்சு வேலை. தாளில் மை அடித்த படத்தைத் துணிமேல் வைத்துச் சூட்டு மெஷினால் அமுக்குவாள். பாலியஸ்டர் என்றால் படம் அப்படியே ஊறிவிடும். ஃபிஜியில் எங்கள் ஊரான நசினுவில் பாதிப் பேர் உடம்பில் அவள் அடித்த ரக்பிச் சட்டைதான்.

போன வருஷம் அவள் தம்பி பிலிமோனி கடலுக்குப் போன இடத்தில் இறந்துபோனான். நூறாவது நாள், துக்கத்துக்கு உடுத்திய கறுப்பைக் களைகிற அன்றைக்குப் போட, அவன் மனைவி தோரிகா அவனுடைய சர்ச் சட்டையையே கொண்டுவந்தாள்.

"இதுல அவரு மொகத்த அடிச்சுக் குடுங்க, அண்ணி."

அது பருத்திச் சட்டை. அந்த மை பருத்தியில் நிற்காது. வாசிதி மை பிடிக்க ஏதோ பூச்சு வாங்கி இரண்டு பழந்துணியில் அடித்துப் பார்த்தாள். படம் பளிச்சென்று விழுந்தது. துவைத்துப் பார்க்கவில்லை. தையல் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்தவள் நான்; எனக்குத் தெரியும்.

"நாலு தடவ தொவச்சா உன் தம்பி ஓடிப்போயிருவான், மதினி" என்றேன்.

"உன் புருஷன் ஓடின மாதிரியா?" என்றாள்.

சிரித்தோம். மாமன் மகளும் அத்தை மகளும் ஒருத்தியை ஒருத்தி வாராமல் பேசினால்தான் எங்கள் ஊரில் தப்பு. நான் மெய்யாகச் சொன்னதும் கேலியாகவே போய்விட்டது. சிரிப்பை நிறுத்தி இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பாவி, சொல்லவில்லை.

சட்டையைச் சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, பூச்சுப் பூசி அமுக்கினாள். நூறாவது நாள் தோரிகாவின் நெஞ்சில் பிலிமோனி சிரித்தான். பார்த்தவர்கள் அழுதார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தோரிகா சட்டையோடு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். சூடு பட்ட இடம் மஞ்சளாக இருந்தது. முகத்தில் மீசை மட்டும் மிச்சம்.

"பாலியஸ்டர்ல புதுசா அடிச்சுத் தரேன் தோரிகா, படம் இருக்கு" என்றாள் வாசிதி.

"மொகம் போனாப் போவுது அண்ணி, போட்டோ வச்சிருக்கேன். நீங்க சோப்புப் போடற வரைக்கும் இதுல அவரு வாசன இருந்துச்சு. அப்ப எனக்குத் தோணல."

அவள் போனபின் வாசிதி என்னைப் பார்த்தாள்.

"நீ சொன்னியே, மதினி."

அவள் என்னைத் திட்டவில்லை, வாரவுமில்லை.