நிழலரசனும் நீலப் புள்ளியும்

அண்மையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த மாயக் காதல் நாவல்கள் மூன்றில் இரண்டைப் பாதியிலேயே மூடிவிட்டேன். டிராகன் வரும் நாவலில் டிராகன்தான் தேவலாம். நாயகி வாயைத் திறந்தாலே எனக்குக் கொட்டாவி வந்தது. சாபக் காட்டு நாவலில் ஐந்நூறு வயது இளவரசன், காதலி வேறொருவனோடு பேசினால் உதட்டைப் பிதுக்குகிறான். இத்தனை காலம் என்னதான் செய்துகொண்டிருந்தானோ.

மூன்றாவதை ஒரே மூச்சில் படித்தேன். அதனால்தான் அதன்மேல் கோபம் அதிகம். அதில் வரும் நிழலரசன், நாயகி எங்கே போனாலும் தன் நிழல்களை அனுப்பி அவளைக் கவனித்துக்கொண்டே இருப்பான். கூப்பிடாமலே வந்து நிற்பான். எழுதியவர் அதைக் காதல் என்கிறார். படித்த புதிதில் என் தங்கையும், "செம்ம ரொமான்டிக் லா" என்றாள்.

வேலைக்குப் பக்கம் என்று அவள் சிங்கப்பூரின் மேற்கே கிளமெண்டியில் என்னோடு தங்கியிருந்தாள். அவளுக்கு நிச்சயித்தவனும் கூப்பிடாமலே வந்து நிற்பான். அவள் கைப்பேசி இருக்கும் இடம் அவன் கைப்பேசியில் நீலப் புள்ளியாகத் தெரியும். மழை வந்தால் குடையோடு எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் இருப்பான். உட்லண்ட்ஸில் இருக்கும் எங்கள் பெற்றோர் பூரித்துப்போனார்கள்.

பதிவு முடிந்தால்தான் அரசாங்க அடுக்குமாடியான வீவக வீட்டுச் சாவி கைக்கு வரும் என்று, முதலில் திருமணப் பதிவு, அடுத்த ஆண்டு கோயிலில் தாலி என்று முடிவானது. இங்கே பல குடும்பங்களில் அப்படித்தான். பதிவு வீட்டுக்காக, தாலி ஏறினால்தான் கல்யாணம். அது சும்மா பேப்பர்தானே என்றார் அப்பா. கையெழுத்துப் போட்டால் அன்றே அவள் அவன் மனைவி என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

பதிவுக்கு முந்தைய வாரம், தேக்கா கடைத்தெருவில் நானும் அவளும் சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவன் அழைத்தான், அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ஒரே கடையில் இவ்வளவு நேரம் என்ன, கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். தங்கை விரித்துப் பிடித்திருந்த முந்தானையை மடித்து வைத்தாள்.

கடையை விட்டு வெளியே வந்ததும் அவள் தன் கைப்பேசியை என் பைக்குள் போட்டாள்.

"அக்கா, இத நீ வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நான் உட்லண்ட்ஸ் போறேன். ரெஜிஸ்ட்ரேஷன் வேணாம்னு அப்பாகிட்ட நேர்ல சொல்லணும். புள்ளி அந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னா, எனக்கு முன்னாடி அவர் போய் உக்காந்திருப்பார்."

போன மாதம் அப்படித்தான் நடந்தது. பழக்கூடையோடு போய் உட்கார்ந்திருந்தான். அப்பா உருகிவிட்டார், அவள் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

ரயிலில் பை என் மடியில் இருந்தது. நாவலில் நாயகி தப்பி ஓடுவாள், எல்லையில் நிழலரசன் அவளுக்கு முன்பே வந்து காத்திருப்பான். அந்த அத்தியாயத்தை நான் இரண்டு முறை ரசித்துப் படித்திருந்தேன்.

கிளமெண்டியில் இறங்கினேன். வெளியே நல்ல வெயில். பயணச்சீட்டுத் தடுப்புக்கு அப்பால் அவன் குடையோடு நின்றிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பின்னால் வருபவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது.

"அவ எங்கக்கா?"

கழிவறைக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டே தன் கைப்பேசியை எடுத்தான். என் பைக்குள் அவளுடையது ஒலிக்கத் தொடங்கியது.