எஸ்தருக்குத் தெரிந்த "கண்டிப்பா"

எஸ்தர் இறந்துவிட்டாள்.

காலையில் அவள் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். கென்யாவில், அவர்கள் வீட்டிலேயே. மூன்று மாதமாக உடம்பு சரியில்லையாம்... எனக்குத் தெரியாது.

இங்கே பலருக்கு அவளைத் தெரிந்திருக்காது. எண்பதுகளின் ஆரம்பத்தில் கென்யாவிலிருந்து வந்து மதுரையில் என்னோடு பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். நான் கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் போவேன், அவள் காலேஜ் ஹாஸ்டல். லேபில் இரண்டு பேருக்கும் ஒரே டேபிள்.

பாடம் இங்கிலீஷில் என்பதால் சமாளித்துவிட்டாள். மாட்டிக்கொண்டது ஒரு தமிழ் வார்த்தையில்.

கண்டிப்பா.

நம் ஊரில் பத்திரிகை வைக்கிறவர்கள் "கண்டிப்பா வந்துரணும்" என்று சொல்லாமல் படியிறங்க மாட்டார்கள். அவளுடைய குட்டி டிக்‌ஷனரியில் கண்டிப்பு என்றால் ஸ்ட்ரிக்ட் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான்... கூப்பிட்ட விசேஷத்துக்கெல்லாம் போனாள்.

கோரிப்பாளையத்தில் எங்களுக்கு ஜாக்கெட் தைக்கிற பாய் மகளின் நிக்காஹ். கிளாஸ்மேட் பத்மாவின் அக்கா வளைகாப்பு. அங்கே வீடு முழுக்க சௌராஷ்டிர பாஷையில் பேச, "தமிழே இன்னும் முடியல, இது என்ன புதுசா?" என்று மிரண்டுபோனாள்.

"ஏண்டி, இம்புட்டு விசேஷத்துக்கா போவாங்க? கிளாஸ் என்ன ஆகுறது?" என்று பத்மாதான் ஒருநாள் கேட்டாள்.

"ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்களே" என்றாள் எஸ்தர். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். யாரும் அர்த்தத்தைத் திருத்தவில்லை.

வெளிநாட்டுக்காரி ஒருத்தி பந்தியில் உட்கார்ந்தால் அழைத்த வீட்டுக்கு அது ஒரு பெருமை. எல்லாரும் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

படிப்பையும் விடவில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்த அக்கா மகனுக்குத் திருப்பரங்குன்றத்தில் காதுகுத்து. மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து ரெக்கார்ட் நோட்டில் தவளையின் குடலை வரைந்துகொண்டிருந்தாள்.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தா இது?" என்றார்.

"தவளை."

"அம்புட்டுத் தூரத்துல இருந்து பிளேன் ஏறி தவளை படிக்கவா வந்தே? எங்க ஊருக் கம்மாய்க்கு வா, ஆயிரம் கிடக்கு."

எஸ்தர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கவலையாகக் கேட்டாள். "கண்டிப்பா வரணுமா?"

மண்டபமே சிரித்தது.

மூன்றாம் வருடம் அது சிரிப்பாக இல்லை. விசேஷங்களுக்குப் போனதில் இரண்டு டிஸெக்‌ஷன் விட்டுப்போயிருந்தது. அதைச் செய்து காட்டாமல் ரெக்கார்டில் கையெழுத்து கிடைக்காது. கையெழுத்து இல்லாமல் பிராக்டிகல் பரீட்சை எழுத முடியாது. மேடம் இரக்கப்பட்டு ஒரே ஒரு வாய்ப்பு தருவதாகச் சொன்னார். என்றைக்கு என்பதைப் பிறகு சொல்வதாகவும்.

அது என் அக்கா கல்யாணத்தன்று விழுந்தது.

முதல் நாள் மத்தியானம் நான் லீவு லெட்டர் கொடுக்கக் காலேஜுக்குப் போயிருந்தேன். லேப் அட்டெண்டர் அண்ணன் ஓடி வந்தார்.

"பாப்பா, எஸ்தரு உங்க வீட்டுக்குக் கிளம்பிருச்சாமே. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு லேபுக்கு வந்துரச் சொல்லு. இதான் கடைசி, விட்டா அம்புட்டுத்தான்."

"சரிண்ணே" என்றேன்.

வீட்டில் எஸ்தர் நடுக்கூடத்தில் இரண்டு கையிலும் மருதாணியோடு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் என் அத்தைகள். "மக கூடப் படிக்கிற பொண்ணு, ஆப்பிரிக்காவுல இருந்து வந்திருக்கு" என்று அப்பா மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. தாலி கட்டி முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம், அட்டெண்டர் அண்ணன் எப்படியும் சமாளித்துவிடுவார்... அப்படி நினைத்ததாகத்தான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. ஃபோட்டோவில் அவள் எனக்கு வேண்டியிருந்தது.

"நாளைக்கு நீ கண்டிப்பா இருக்கணும்டி" என்றேன்.

அந்த வார்த்தை அவளுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

திங்கட்கிழமை ரெக்கார்டில் கையெழுத்து இல்லை. "சொல்லியும் வரலைன்னா நான் என்ன செய்ய?" என்றார் மேடம். நோட்டீஸ் போர்டில் போட்டிருப்பார்கள், தான்தான் பார்க்காமல் விட்டோம் என்று எஸ்தர் நினைத்துக்கொண்டாள். ஸாரி சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அட்டெண்டர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடம் போனது அவளுக்கு. நாங்கள் எல்லாரும் போன பிறகு ஜூனியர்களோடு அதே ஹாஸ்டலில் இருந்தாள். அந்த வருடம்தான் ஊரில் அவள் தங்கைக்குக் கல்யாணம். போக முடியவில்லை... ஒரு வாழ்த்துத் தந்தி அனுப்பினாள். தந்தி ஆபீசுக்கு நான்தான் கூடப் போனேன். அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபேஸ்புக்கில் அவளே என்னைத் தேடிப் பிடித்தாள். "உன் அக்கா எப்படி இருக்கிறாள்?" என்பதுதான் முதல் கேள்வி. எத்தனையோ தடவை டைப் செய்து, அழித்து... கடைசியில் பூப்படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுவேன்.

மத்தியானம் அவள் மகள் இன்னொரு மெசேஜ் அனுப்பினாள். பரீட்சை வந்தால் அம்மா எங்களை விடவே மாட்டார், "போய் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள், மதுரையில் அதைப் பார்க்காமல் எனக்கு ஒரு வருடம் போனது" என்பார்... என்று எழுதியிருந்தாள்.

பதில் எழுதினேன். இல்லைம்மா, போர்டில் எதுவும் போடவில்லை. என்னிடம்தான் சொல்லி அனுப்பினார்கள். நான் சொல்லவில்லை.

பார்த்துவிட்டாள். இன்னும் பதில் இல்லை.

எஸ்தர்... இது உனக்கு எழுதியிருக்க வேண்டியது. உன் மேல் எந்தத் தப்பும் இல்லை. நிம்மதியாகத் தூங்கு.