பீச்சாங்கைப் புத்தகம்

சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல அந்தக் காலத்து வாத்தியார்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிரம்பைத் தூக்கிக்கொண்டு, பொய் சொல்லாதே, திருடாதே, அடங்கி நில் என்று கத்துவது. கத்தித் தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். பூந்தமல்லியில் ஒன்றாம் வகுப்பு எடுத்த வடிவு டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. நல்ல குணத்தைக் கண்ணால் பார்த்தால் அல்லவா பிள்ளைக்கு ஆசை வரும்? பக்கத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே ஒரு வரி என்று ஒரு புத்தகத்தை அவரே எழுதி, அவரே வரைந்தார். பசித்தவருக்குச் சோறு கொடுக்கும் பெண், தோழியோடு முறுக்கைப் பங்கு போடும் பையன், இப்படி. வெள்ளைக்காரன் ஆண்ட நாள் அது; கலர் இல்லை, கெட்டி அட்டை இல்லை, வெறும் கறுப்பு மைதான்.

பள்ளியின் மானேஜர் மணவாளன் நல்ல மனிதர். ஆனால் ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்தே பாதி உடம்பு இளைத்தவர். அவரும் புத்தகத்தை அச்சுப்போடச் சம்மதித்தார்.

படங்களை மரத்தில் செதுக்கியவர் ஜாபர் அலி. துணியில் பூப்போடும் மர அச்சுகளைச் செதுக்குவது அவர் தொழில். வரைந்த தாளை மரத்தின்மேல் ஒட்டி, வழக்கம்போல அப்படியே செதுக்கிக் கொடுத்துவிட்டார். துணியில் மாங்காய் எந்தப் பக்கம் வளைந்தால் யாருக்கு என்ன? ஆனால் மனிதர்களுக்கு வலது இடது உண்டே. காகிதத்தில் அழுத்தியதும் எல்லாம் திரும்பிக்கொண்டது. அச்சாபீஸில் எழுத்தைத் திருத்தினார்களே தவிர, கையை யாரும் பார்க்கவில்லை.

மாசி மாதம் புத்தகக் கட்டு வந்தது. பிரித்த மானேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். சோறு கொடுக்கும் பெண் இடது கையால் கொடுக்கிறாள். முறுக்குப் பையன் இடது கையால் நீட்டுகிறான்.

"இன்னாம்மா இது? பீச்சாங்கையால சோறு குடுக்கறதுதான் நல்ல புத்தியா? ஊரே சிரிக்கும்."

ஊர் சிரிக்கத்தான் செய்தது. பீச்சாங்கைப் புத்தகம் என்று பெயரும் வைத்துவிட்டது. ஜாபர் அலிக்கு அவமானம் தாங்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி செதுக்கித் தருவதாகச் சொன்னார். கெட்டுப்போன பிரதிகள் வகுப்பு மூலையில் அடுக்கிக் கிடந்தன.

அந்த வகுப்பில் எல்லம்மா என்றொரு பெண். பிறவியிலேயே இடது கைக்காரி. அம்மா கன்னியம்மாள் மல்லித் தோட்டத்தில் பூப்பறிப்பவள். தினமும் காலையில் மகளின் இடது கையைத் துணியால் சுற்றிக் கட்டித்தான் அனுப்புவாள். வடிவு டீச்சரும் அது சரி என்றே நினைத்திருந்தார். வலது கையில் எல்லம்மா எழுதுவது கோழி கிளறியதுபோல இருக்கும். அந்தப் பெண் வாயே திறக்கமாட்டாள்.

"பங்குனி பொறக்கட்டும் டீச்சர். அதுக்குள்ள எழுத வரலைன்னா தோட்டத்துக்கு இட்டுகினு பூடுவேன்" என்று கன்னியம்மாள் கெடு வைத்திருந்தாள். பங்குனிக்கு அதிக நாள் இல்லை.

ஒரு மத்தியானம் ஜாபர் அலி, டீச்சர் மறுபடி வரைந்த படங்களைச் செதுக்க வாங்கிப்போக வந்தார். டீச்சரோடு வகுப்புக்குள் நுழைந்தபோது எல்லம்மா மூலையில் உட்கார்ந்திருந்தாள். துணி அவிழ்ந்து கிடந்தது. முன்னால் அந்தப் புத்தகம். சோற்றுப் படத்தின் வரியைப் பார்த்துப் பலகையில் எழுதியிருந்தாள், இடது கையால். குண்டு குண்டாக, கோடு போட்டதுபோல எழுத்து.

"இந்தப் படத்துப் பொண்ணும் என்னிய மாரிதான் டீச்சர்" என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

ஜாபர் அலி வெள்ளை மனசுக்காரர். "இல்ல கண்ணு, அது நான் தப்பா செதுக்கிட்டேன். மாத்திக் குடுத்துடறேன்" என்றார்.

எல்லம்மா புத்தகத்தை மூடினாள். துணியை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தன் கையைத் தானே கட்டத் தொடங்கினாள்.

வடிவு டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஊருக்கெல்லாம் நல்ல குணம் சொல்லப் புத்தகம் போட்ட நானா இத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன்மேலேயே கோபம் வந்தது. துணியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பலகையை எடுத்து, பெண்ணையும் கூட்டிக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனார்.

கன்னியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மெய்யாலுமே இவளா எழுதினா? எந்தக் கையால?"

"இடது கையால."

"புஸ்தகத்துலயே அப்டித்தான் போட்டுகீதுன்னு சொல்றாங்களே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். டீச்சர் சொல்லவில்லை. "புஸ்தகத்துல படம் தப்பா வந்துடுச்சு கன்னியம்மா. உன் பொண்ணு எழுத்து தப்பா வரல."

கன்னியம்மாள் பலகையை மகளிடம் நீட்டினாள். "இன்னா எழுதிகீற, படி" என்றாள். எல்லம்மா படித்தாள். "உன் சோற்றில் ஒரு பிடி பசித்தவருக்கு." மறுநாள் கையில் துணிக்கட்டு இல்லாமல் பள்ளிக்கு வந்தாள்.

பங்குனி கடைசியில் புதுப் புத்தகம் வந்தது. மானேஜர் ஜாபர் அலியைப் பக்கத்தில் நிற்கவைத்து ஒவ்வொரு பக்கமாகக் கையைச் சரிபார்த்தார். வலது, வலது, வலது. கடைசியில், டீச்சர் புதிதாக வரைந்து சேர்த்த ஒரு படம்: ஒரு சிறுமி பலகையில் எழுதுகிறாள். இடது கையால்.

"யோவ் பாய், இங்க மறுபடியும் தப்பு பண்ணிட்டியே!"

"இல்ல சாமி," என்றார் ஜாபர் அலி. "இத சரியாத்தான் செதுக்கிகீறேன்."