மோட்டாரை நிறுத்தினாலும் வழியும் தொட்டிகள்

பிளம்பர் வேலையில், குழாய் ஒழுகினால் ஆற அமரக் கூப்பிடுவார்கள். மாடித் தொட்டி வழிந்தால் மட்டும் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் கூப்பிடுவார்கள். காத்திருந்து பிடித்த நல்ல தண்ணீர் சொளசொளவென்று தெருவில் ஊற்றுகிற சத்தம் கேட்டு, வாயில் பிரஷ்ஷோடு சுவிட்சைத் தேடி ஓடியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

காப்பியில் உப்பு

சிங்காநல்லூரில் வசந்தா டீச்சர் வீட்டு மாடியில் இரண்டு தொட்டிகள். உயரமான ஸ்டாண்டில், ஆழ்குழாயிலிருந்து வரும் உப்பான போர் தண்ணீர். கீழே, குடிக்கிற சிறுவாணித் தண்ணீர். கீழ்த்தொட்டிதான் வழிந்தது, அதுவும் மோட்டார் ஓடாதபோது. தண்ணீரே ஏறாத தொட்டி எப்படி வழியும்? மிதவை வால்வை மாற்றிப் பார்த்தேன். மறுநாளும் வழிந்தது.

அடுத்த முறை போனபோது டீச்சர் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டுத் தானும் ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்தார். “ஏனுங்க, உப்புக் கரிக்குதுங்களே?” சமையலறைக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். அப்படியானால் போர் தண்ணீர் எங்கேயோ அதில் கலக்கிறது! இரண்டு பேருமாக ஒவ்வொரு குழாயாகத் தேடிக்கொண்டு போனோம்.

குளியலறையில் புதிதாக ஒரு கை ஷவர். அதற்குச் சுடுதண்ணீர் சிறுவாணித் தொட்டியிலிருந்து சோலார் ஹீட்டர் வழியாக வருகிறது. பச்சைத் தண்ணீர் போர் தொட்டியிலிருந்து. டீச்சரின் கணவர் குளித்ததும் இரண்டு குழாயையும் திறந்தபடியே விட்டு, ஷவரின் பொத்தானை மட்டும் அமுக்கி நிறுத்திவிடுவாராம். வெளியே போக வழியில்லாத போர் தண்ணீர், உயரத்திலிருந்து இறங்குகிற வேகத்தில் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் புகுந்து, பின்பக்கமாகவே ஏறிச் சிறுவாணித் தொட்டியை நிரப்பியிருக்கிறது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

“மூணு நாளா மாடிக்கும் கீழுக்கும் ஓடுனீங்களே, நடுவுல ஒரு வார்த்தை என்னையக் கேட்டிருக்கலாமுங்களே!”

சிவப்பு பல்பு

சோமனூரில் ஒரு தறிக்கூடம். முதலாளியின் வீடும் அதே காம்பவுண்டில்தான். வீட்டுத் தொட்டி நிறைந்தால் போய் மோட்டாரை நிறுத்துவது, தறி ஓட்டுகிற சரசக்காவின் பொறுப்பு. தினமும் வழிந்தது. நிறைந்ததும் வாய்விட்டுச் சொல்கிற அலாரம் ஒன்றை மாட்டினேன். தறிச் சத்தத்தில் அது பேசியது அதற்கே கேட்டிருக்காது. சரியென்று, தறிக்கு எதிர்ச்சுவரில் சிவப்பு பல்பு வைத்தேன். பல்பு எரிந்தது. சரசக்கா பார்த்தார், உடனே எழுந்தும் போனார். அப்படியும் தொட்டி வழிந்தது.

எங்கே தப்பு என்று எனக்குப் பிடிபடவேயில்லை. கடைசியில், நிறைந்ததும் மோட்டார் தானாகவே நிற்கிற மாதிரி ஒரு கருவியை மாட்டிவிட்டேன். முதலாளிக்கு ஒரே சந்தோஷம். கிளம்பும்போது சரசக்கா கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

“மோட்டாரை நிறுத்தப் போறேன்னு சொல்லிப்போட்டு வேப்பமரத்தடியில ரெண்டு நிமிசம் நின்னுட்டு வருவேனுங்க. அதையும் புடுங்கிப்போட்டியே, கண்ணு!”

சண்டைக்கு வந்தவர்

பீளமேட்டில் பொன்னுசாமி அண்ணனுக்கும் பக்கத்து வீட்டு எஸ்தர் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எஸ்தர் அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ்; தனியாக இருப்பவர். அவர் தொட்டி வழிந்தால் தண்ணீர் நேராக அண்ணனின் கார்மேல் விழும். ஒருநாள் காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். “அந்த அம்மணி வேணும்னே தண்ணியத் தொறந்து உடுதுங்க. நீங்களே வந்து பாருங்க!”

போனேன். தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெல் அடித்தால் பதில் இல்லை. எனக்கு அது வினோதமாகப் பட்டது. பழைய சண்டைகளுக்குப் பிறகு, மோட்டார் போட்டால் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறவர் அவர். நானே பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னதும் அண்ணனின் முகம் மாறிவிட்டது. காம்பவுண்டு சுவரை ஏறிக் குதித்தார். சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, ஓடியா!” என்று கத்தினார்.

எஸ்தர் அம்மா வழுக்கி விழுந்து, எழ முடியாமல் தரையில் கிடந்தார். பின்கதவை இரண்டு பேரும் சேர்ந்து உடைத்தோம். ஈரம் சொட்டுகிற அதே காரில்தான் அண்ணன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடுப்பெலும்பு முறிவு. ஆபரேஷன் முடிந்து அவர் வீடு திரும்பியதும் பார்க்கப் போனேன். தனியாகக் கிடந்தபோது பயமாக இல்லையா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

“தண்ணி வழிஞ்சா அவரு சண்டைக்கு வராம இருக்க மாட்டாருங்க. அந்த நம்பிக்கையிலதான் படுத்துக் கெடந்தேன்.”

என் தொழிலில் முக்கால்வாசி வெறும் வாஷர் தேய்ந்து வழிந்த தொட்டிகள்தான் என்றாலும், அவற்றில் ஒன்றுகூட ஏனோ ஞாபகத்தில் நிற்கவில்லை.